முதல் பிழையைத் தேடுவோம்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பெயரளவில் சற்றுக் கடினமானது. சிறு கருவிகளுக்குள் அடங்கியிருக்கும் கணினிகளுக்கு மென்பொருள் ஆக்கும்போது வேலை நடுவழியில் நின்றுவிட்டால், தடையைக் கண்டறிந்து நீக்குவது எப்படி என்பதே அது. 'இது பொறியியலாளர் பேச வேண்டிய பேச்சாயிற்றே, தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. நம் தமிழ்ப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளைகள் பலர் பின்னாளில் போலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரிகளிலும் மின்னணுவியல் படிக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளில் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். அவர்களில் சிலர் செலாயாங்கில் எங்களைப் பார்க்க வரும்போது மடிக்கணினியைத் திறந்து காட்டுகிறார்கள். திரை நிறையப் பிழைச் செய்தி. "டீச்சர், இந்த வேலை எனக்கு வராது போலிருக்கிறது" என்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. அறிவுக் குறைவால் யாரும் இங்கே தோற்பதில்லை. முறை தெரியாமல் சோர்ந்து போகிறவர்களே அதிகம். அந்த முறையை நாம் இன்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், எந்தக் கணினியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். மேசைமேல் திரையோடும் விசைப்பலகையோடும் இருப்பது மட்டும் கணினி அல்ல. அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி, சாலைச் சந்திப்பின் சமிக்ஞை விளக்கு, பத்துமலை கொமுட்டர் நிலையத்தின் டிக்கெட் கதவு, மொத்தச் சந்தையில் காய்கறி நிறுக்கும் மின் தராசு, மருத்துவமனையில் நோயாளியின் உடலுக்குள் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் பம்பு ஆகிய இவற்றுக்குள்ளும் கணினி இருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் ஒரு சில்லு, சிறிது நினைவகம், சில கம்பி முனைகள். இதைத் தொழிலில் 'போர்டு' என்பார்கள். நாம் பலகை என்றே சொல்வோம்.

இந்தப் பலகைகளுள் பலவற்றில் ஓர் இயக்க முறைமை ஓடுகிறது. லினக்ஸ் போன்ற இயக்க முறைமை பொதுவானது. எந்தப் பலகையில் ஓடப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. தையற்காரரிடம் துணி இருக்கிறது, சட்டை தைக்கும் கலையும் தெரியும். ஆனால் தோள் எத்தனை அங்குலம், கை எத்தனை அங்குலம் என்ற அளவுக் குறிப்பு இல்லாமல் அவர் கத்தரியைத் தொடமாட்டார். பலகைக்கும் அப்படி ஓர் அளவுக் குறிப்பு வேண்டும். நினைவகம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு இருக்கிறது, கடிகாரத்தின் வேகம் என்ன, எந்த முனையில் என்ன கருவி இணைந்திருக்கிறது, மின்சாரம் வந்தவுடன் முதலில் எழ வேண்டிய நிரல் எது என்பவற்றையெல்லாம் தொகுத்து, வேண்டிய இயக்கி நிரல்களையும் சேர்த்துத் தருவதே 'போர்டு சப்போர்ட் பேக்கேஜ்'. சுருக்கமாக பி.எஸ்.பி. என்பார்கள். நாம் பலகைத் துணைத் தொகுப்பு எனலாம். 1980களின் தொடக்கத்திலிருந்தே இந்தப் பெயர் தொழிலில் வழங்கி வருகிறது.

இத்தொகுப்பு ஆயிரக்கணக்கான கோப்புகளாக வருகிறது. அவற்றை வரிசைப்படி எடுத்து, கம்பைலர் என்னும் மொழிமாற்றியிடம் கொடுத்து, வந்த துண்டுகளை இணைத்து, பலகையில் ஏற்றத்தக்க ஒரே கோப்பாக ஆக்க வேண்டும். இதைக் கையால் செய்ய இயலாது. ஆகவே, 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று எழுதி வைத்த ஒரு கோப்பு கூடவே வரும். அதற்குத்தான் 'பில்டு ஸ்கிரிப்ட்' என்று பெயர். கட்டளை ஏடு என்று நாம் அழைப்போம்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் இரண்டு கணினிகள் சம்பந்தப்படுகின்றன. ஆக்கும் வேலை நடப்பது நம் மடிக்கணினியில். ஆக்கப்பட்டது ஓடப் போவது பலகையில். இரண்டின் சில்லுகளும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. ஆகவே மடிக்கணினியில் இரண்டு கம்பைலர்கள் தேவைப்படும். ஒன்று மடிக்கணினிக்காக, மற்றொன்று பலகைக்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சம் அல்ல.

இனி, கட்டளை ஏடு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976ஆம் ஆண்டு நடந்தது இது. ஸ்டீவ் ஜான்சன் என்ற அறிஞர் ஒரு காலைப் பொழுது முழுவதும் தம் நிரலில் பிழை தேடிக் களைத்துப் போனார். உண்மையில் பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய விட்டுப்போயிருந்தது. பழைய துண்டே ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய்க் குறைபட்டுக்கொண்ட நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். முதல் நாள் மாலை ஃபெல்ட்மனுக்கும் இதே தொல்லை நேர்ந்திருந்தது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், மாறியதை மட்டும் கணினியே மறுபடி ஆக்கிக்கொள்ளும்படி செய்யலாமே என்று அவர் எண்ணினார். அப்படிப் பிறந்ததுதான் 'மேக்' என்னும் கருவி. அதற்காக 2003ஆம் ஆண்டுக்குரிய ஏ.சி.எம். மென்பொருள் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தும் பலகைத் துணைத் தொகுப்புகள் பலவற்றில் இன்றும் அதுவே வேலை செய்கிறது.

அந்த மேக் கருவியில் ஒரு விநோதமும் உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டேப்' என்ற விசையால் தொடங்க வேண்டும். நான்கு வெற்றிடம் விட்டால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று சொல்லி நின்றுவிடும். இந்த விதி சங்கடமானது என்று ஃபெல்ட்மனுக்கே தோன்றியதாம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு வந்த உலகமே அந்த விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கட்டளை ஏட்டை எழுதியவர் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு கணினியில் எழுதினார். அந்த நாளும் அந்தக் கணினியும் அவருக்கு இயல்பாக இருந்தபடியால், அவற்றைப் பற்றி அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. சொல்லாமல் விட்ட அந்த எதிர்பார்ப்புகள்தாம் நம் வீட்டில் வந்து தடையாகின்றன. மூன்று சான்றுகள் கூறுவோம்.

முதற்சான்று 2006ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான உபுண்டு 6.10 பதிப்பில், கட்டளை ஏடுகளைப் படித்து நிறைவேற்றும் 'பாஷ்' என்ற நிரலுக்குப் பதிலாக, வேகமான 'டாஷ்' என்பதை இயல்பு நிரலாக வைத்தார்கள். பாஷ் மட்டுமே அறிந்த சில எழுத்து முறைகள் டாஷுக்குத் தெரியாது. எழுதியவர் முதல் வரியில் பொதுவாக 'எஸ்.ஹெச்.' என்று குறித்துவிட்டு, உள்ளே பாஷின் வழக்கை எழுதியிருந்தார். அதுவரை ஓடிய ஏடுகள் பல 'பேட் சப்ஸ்டிட்யூஷன்' என்று சொல்லி நின்றன.

இரண்டாம் சான்று 2020ஆம் ஆண்டினது. அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த ஜி.சி.சி. பத்தாம் பதிப்புக் கம்பைலர், முந்தைய பதிப்புகள் பொறுத்துக்கொண்ட ஒன்றைப் பொறுக்கவில்லை. ஒரே பெயருள்ள பொது மாறியை இரண்டு கோப்புகளில் அறிவித்திருந்தால் பழைய பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். புதியது பிழை என்று நிறுத்திவிடும். பழைய லினக்ஸ் கருவிலும், பலகையை எழுப்பும் யூ-பூட் நிரலிலும் அப்படி 'ஒய் ஒய் லாக்' என்ற பெயர் இரண்டு இடங்களில் இருந்தது. புதிய மடிக்கணினியில் பழைய தொகுப்பை ஆக்க முயன்றவர்கள் பலர் இந்தப் பெயரைச் சந்தித்திருப்பார்கள்.

மூன்றாம் சான்று 2022ஆம் ஆண்டு. இணையத்தில் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், பாதுகாப்பில்லாத பழைய 'கிட்' தொடர்பு முறையை அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாளோடு மூடிவிட்டது. யாக்டோ என்ற பெருங்கருவிக்காக எழுதிய பழைய குறிப்புகளில் அந்த முகவரிகளே இருந்தன. ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. 'எச்.டி.டி.பி.எஸ். வழியாகப் போ' என்று முகவரியின் கடைசியில் ஒரு குறிப்புச் சேர்த்தால் சரியாயிற்று.

மூன்றிலும் பயிற்சியாளர் செய்த தவறு ஏதாவது உண்டா? இல்லை. உலகம் நகர்ந்தது, ஏடு நின்ற இடத்தில் நின்றது. இதை அறிந்தாலே பிள்ளைகளின் பயம் பாதி நீங்கும்.

இனி முறைக்கு வருவோம். தோட்டத்தில் பழகியவர்களுக்கு ரப்பர் ஷீட் செய்த விதம் நினைவிருக்கும். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். புகைவீட்டிலிருந்து எடுத்த ஷீட்டில் தூசியும் குமிழியும் இருந்தால், அனுபவசாலி புகைவீட்டைக் குறை சொல்வதில்லை. வடிகட்டிய இடத்திலும் உறைய வைத்த இடத்திலும் போய்ப் பார்ப்பார். கட்டளை ஏட்டிலும் குறை தெரியும் இடம் ஒன்று, குறை பிறந்த இடம் வேறு.

ஆகவே முதல் விதி: கடைசிப் பிழையைப் படித்துக் கலங்காமல், முதல் பிழையைத் தேட வேண்டும். திரையின் கடைசி வரியில் 'எர்ரர் 2' என்று இருக்கும். கீழே ஒருவர் தவறியதை மேலே இருப்பவர் அறிவிக்கும் செய்தி அது. அதில் பொருள் ஒன்றும் இல்லை. வெளிவரும் எழுத்து முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, மேலிருந்து கீழாக 'எர்ரர்' என்ற சொல்லைத் தேடுங்கள். பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தினால் செய்திகள் பின்னிக்கொள்ளும். ஆகவே ஒரே வேலையாக, நிதானமாக, இன்னொரு முறை ஓட்டுங்கள். யாக்டோவில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கிறது. நின்ற படியின் பதிவேட்டைத் திறந்தால் போதும்.

இரண்டாம் விதி: எந்தப் படியில் நின்றது என்று வகைப்படுத்துங்கள். இணையத்திலிருந்து கொண்டுவரும்போதா, கம்பைல் செய்யும்போதா, இணைக்கும்போதா, கடைசியில் ஒரே கோப்பாகக் கட்டும்போதா? கொண்டுவரும்போது என்றால் முகவரியையும் இணையத் தொடர்பையும் பாருங்கள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால், அக்கருவி நிறுவப்படவில்லை, அல்லது இருக்கும் இடம் கணினிக்குத் தெரியவில்லை.

மூன்றாம் விதி: எந்தக் கணினிக்காக நடந்த வேலை என்று கேளுங்கள். இதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் சில்லுகளை வடிவமைக்கிறார்கள். அவர்கள் வடிவமைத்த சில்லு 2018ஆம் ஆண்டில் சண்டிகரில் உள்ள ஆலையில் உருவாக்கப்பட்டது. அவர்கள் இலவசமாகத் தரும் மென்பொருள் தொகுப்பில் பினாகா, பரசு, வஜ்ரா என்ற அமைப்புகளுக்குத் துணைக் கோப்புகள் இருக்கின்றன. இவற்றுள் பினாகா 32 பிட் வகை, வஜ்ரா 64 பிட் வகை. ஆக்கும்போது எந்தப் பலகை என்று கட்டளையில் சொல்ல வேண்டும். ஒன்றுக்காக ஆக்கிய பழைய துண்டுகள் கிடக்க, அவற்றோடு மற்றொன்றின் துண்டுகளைச் சேர்த்தால் இணைப்பி ஒப்புக்கொள்ளாது. ஒருவர் அளவுக்கு வெட்டிய கையை இன்னொருவர் சட்டையில் தைக்க முடியுமா? பலகையை மாற்றினால் பழைய துண்டுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நான்காம் விதி: கோப்புகள் வந்த வழியைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் திறந்து சேமித்த ஏட்டில், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளலாம். லினக்ஸ் அதைக் கண்டு திகைக்கும். சாதாரணப் பென்டிரைவில் நகலெடுத்தால் 'இக்கோப்பை ஓட்டலாம்' என்ற அனுமதிக் குறியும், கோப்புகளுக்கிடையே உள்ள இணைப்புக் குறிகளும் தொலைந்து போகலாம். ஆகவே முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டி எடுத்துவந்து, லினக்ஸில் அவிழ்ப்பது நல்லது. கோப்புறையின் பெயரில் வெற்றிடம் இருந்தாலும் லினக்ஸ் கரு ஆக மறுக்கும். கடிகாரத்தையும் பாருங்கள். எது புதியது, எது பழையது என்று மேக் கருவி நேரத்தை வைத்தே முடிவு செய்கிறது. நாள் தவறினால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடும்.

ஐந்தாம் விதி, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு முக்கியமானது. சில வேளை 'கில்டு' என்ற ஒரே சொல்லோடு கம்பைலர் விழுந்துவிடும். நிரலில் பிழை தேடுவது வீண். நினைவகம் போதாமல் இயக்க முறைமையே கம்பைலரை நிறுத்தியிருக்கக்கூடும். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளைக் குறைத்து ஓட்டினால் மெதுவாகவேனும் முடியும். யாக்டோ போன்ற கருவிக்கு வட்டில் நிறையக் காலி இடம் வேண்டும். தொடங்குமுன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு கிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினியோடு போராடும் பிள்ளை தன் திறமையைச் சந்தேகிக்கக் கூடாது.

ஆறாம் விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்து இடங்களில் கைவைத்து ஓடிவிட்டால், எது நோய், எது மருந்து என்று என்றும் தெரியாது.

இந்த விதிகளை ஒரு பெண்ணின் அனுபவத்தில் நேரே கண்டோம். தோட்டப் பள்ளியில் எங்களிடம் படித்தவர். தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து படிக்க வைத்தார். மின்னணுவியலில் டிப்ளோமா முடித்து, ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவரிடம் 2017ஆம் ஆண்டு காலத்துப் பலகைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்து, புதிய மடிக்கணினியில் ஆக்கச் சொன்னார்கள். மூன்று நாள் ஓடவில்லை. நான்காம் நாள் பயிற்சியை விட்டுவிடலாமா என்று எங்களிடம் கேட்க வந்தார். நாங்கள் அந்தத் தொழில் அறிந்தவர்கள் அல்லர். "முதலில் எங்கே தடுக்கிற்று அம்மா, அதை வாய்விட்டுப் படி" என்று மட்டும் சொன்னோம். மேலே போய்த் தேடினார். 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்றும், பக்கத்தில் 'ஒய் ஒய் லாக்' என்றும் இருந்தது. எந்தக் கணினிக்கான வேலை என்று பார்த்தார். பலகைக்கானதே அல்ல, மடிக்கணினியில் ஓட வேண்டிய சிறு உதவி நிரல் அது. பலகைக்கான கம்பைலரை மூன்று நாளாக மாற்றி மாற்றிப் பார்த்தது ஏன் பயனில்லை என்பது அந்த நொடியில் விளங்கிவிட்டது. லினக்ஸ் கருவைப் பேணுவோர் 2020ஆம் ஆண்டிலேயே அதற்குத் திருத்தம் வெளியிட்டிருந்தார்கள். தேவையற்ற ஓர் அறிவிப்பு வரியை நீக்குவதுதான் அத்திருத்தம். அன்று மாலையே வேலை முடிந்தது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம், ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தொகுப்போடு வைத்துவிட்டு வந்தார். அந்தப் பக்கத்தைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். சொல்லாமல் விட்ட எதிர்பார்ப்பால் தடை பிறந்தது. சொல்லி வைத்த குறிப்பால் அடுத்தவருக்கு அத்தடை இல்லாமல் போயிற்று.

இது ஏதோ தொழிற்சாலைக்குள் அடங்கும் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். மருந்து செலுத்தும் பம்பும் மின்தூக்கியும் பல ஆண்டுகள் உழைக்கும் கருவிகள். நடுவில் அவற்றின் மென்பொருளில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால், பழைய தொகுப்பை எடுத்து, திருத்தி, மறுபடி ஆக்க வேண்டும். அன்றைக்கு ஏடு ஓடவில்லையானால் திருத்தம் கருவியைப் போய்ச் சேராது. நிரலை எழுதியவர் ஓய்வு பெற்றிருக்கலாம், ஊரை விட்டே போயிருக்கலாம். எழுதி வைத்த ஒரு பக்கம்தான் அப்போது பேசும்.

நம் தோட்டங்களில் வேலை அறிவு வாய்வழியே வந்தது. எந்த மரத்தை எந்தப் பக்கம் வெட்டுவது, எவ்வளவு பாலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பெரியவர் சொல்ல இளையவர் கேட்டுக்கொண்டார்கள். தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறியபோது அந்த அறிவில் பெரும்பகுதி எழுதப்படாமலேயே மறைந்தது. நம் பிள்ளைகள் புகுந்திருக்கும் புதிய தொழிலில் அந்த நிலை வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இரவு நெடுநேரம் திரையைப் பார்த்துச் சோர்ந்திருந்தால், 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்காதீர்கள். 'முதலில் எங்கே நின்றது?' என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தத் தொழில் தெரிய வேண்டியதில்லை. கேள்விக்கு விடை சொல்லும் முயற்சியில் பிள்ளைக்கே வழி புலப்படும். வழி கிடைத்த பிறகு, 'எழுதி வைத்தாயா?' என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

முதல் பிழையைத் தேடுவோம். கண்ட தீர்வை எழுதி வைப்போம்.